ஈயின் அரணும் தடுப்பூசியும்

அண்மையில் நல்லூரில் ஓர் இளந்தாய் என்னிடம், "தடுப்பூசியில் பூச்சியின் சத்தைச் சேர்க்கின்றார்களாமே! பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. போடலாமா, டீச்சர்?" என்று கேட்டார். கொல்லாமையைப் போற்றும் இல்லத்தில் எழ வேண்டிய ஐயமே இது. எனினும், செவிவழிச் செய்தியைக் கொண்டு முடிவு செய்யாமல் உண்மையைப் படிப்படியாக அறிவோம்.

துணைப்பொருள் யாது?

சில தடுப்பூசிகளில் நோய்க்கிருமியின் சிறு பகுதி மட்டுமே இருக்கும். உடல் அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடக்கூடும். உடலின் காவலைத் தட்டியெழுப்பச் சேர்ப்பதே துணைப்பொருள். 1920-களில் பிரான்சு நாட்டு அறிஞர் ராமோன், தொண்டை அடைப்பான் மருந்துடன் மரவள்ளி மாவைச் சேர்த்துக் குதிரைகளுக்குச் செலுத்தியபோது எதிர்ப்பாற்றல் மிகுவதைக் கண்டார். 1926-இல் இங்கிலாந்தின் கிளென்னி படிகாரத்தைப் பயன்படுத்தினார். அலுமினிய உப்புகள் இன்றும் வழக்கில் உள்ளன.

ஈயின் பங்கு என்ன?

கிருமிகளை அழிக்கும் பெப்டைடுகள் என்னும் சிறு புரதங்கள் பூச்சிகளுக்கு அரணாக உள்ளன. ஜப்பானிய அறிஞர் நடோரியின் குழுவினர், ஒருவகை இறைச்சி ஈயின் கருவிலிருந்து பெற்று ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் சாப்பசின் என்னும் பெப்டைடுகளைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்றின் பகுதியை மாற்றியமைத்து, லைசின் நான்கு, லியூசின் ஏழு என 11 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு உருவாக்கப்பட்டது. அதனுடன் செயற்கை டி.என்.ஏ. இழையைச் சேர்த்ததே, வியன்னாவின் இன்டர்செல் நிறுவனம் உருவாக்கிய ஐ.சி.31 என்னும் துணைப்பொருள்.

இப்பெப்டைடு ஈயைப் பிழிந்து எடுப்பதன்று. வேதியியல் முறையில் ஆக்கப்படுவது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் ஓர் உருவத்திற்கு அச்சு எடுத்தபின், முதல் உருவம் இன்றியே பல உருவங்கள் வார்ப்பதை அறிவீர்கள். அதுபோன்றதே இது. ஆயினும் முதல் அறிவு நாலறிவுயிராகிய ஈயிடமிருந்தே வந்தது. மருந்துச் சோதனைகளில் விலங்குகளும் துன்புற்றன. இவற்றை மறைத்தல் தகாது.

தேவை ஏன்?

1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் ஆய்வு, பெரியோரின் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை எனக் காட்டியது. ஆகவே புதிய தடுப்பூசிகள் தேடப்படுகின்றன. ஐ.சி.31 சேர்த்த எச்4 என்னும் ஊசி தென்னாப்பிரிக்காவில் ஆராயப்பட்டது. வளரிளம் பருவத்தினர் 990 பேர் பங்கேற்ற அவ்வாய்வின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. தொற்றினை அது உறுதியாகத் தடுக்கவில்லை. ஐ.சி.31 குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசிகளில் இடம்பெறவில்லை.

இளந்தாய்க்கு விடை

பி.சி.ஜி. வலுக்குறைந்த உயிர்க்கிருமியால் ஆனது. அதில் துணைப்பொருளே இல்லை. குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் முதலிய கொடிய காசநோய்களினின்றும் அது காக்கிறது. எனவே தயங்காது போடுக என்றேன். வதந்தியால் ஒரு குழந்தையின் காவலை நீக்குவதும் உயிர்க்கு ஊறு செய்வதேயன்றோ?

சிந்திக்க:
1. துணைப்பொருளின் பணி யாது?
2. ஓர் உயிரிடம் அறிவைப் பெறுவதற்கும் அதன் உடலைப் பயன்படுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை இல்லத்தாருடன் ஆராய்க.