முதலில் காற்று, பிறகு சிலிண்டர்

அன்பு மருமகளுக்கு,

நேற்று சாயங்காலம் ரேஞ்சில் உன் ஏர் பிஸ்டலோடு நீ மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதன் காற்றுச் சிலிண்டரைக் கழற்ற, துண்டைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகியதில் உன் முகமெல்லாம் சிவந்துவிட்டது. "மாமா, பைப் ரிஞ்ச் இருக்கா?" என்று கேட்டாய். இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாய். ஏன் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று எழுதுகிறேன். பிஸ்டலைப் புதிதாகக் கையில் எடுத்திருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

சிலிண்டர் கழலாததற்கு உன் கைப்பலம் போதாதது காரணமில்லை. உள்ளே இருக்கும் காற்றுதான் மரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிறைந்த சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் நாம் அடிப்பது சுமார் 2 பார்தான். இது அதைப்போல் நூறு மடங்கு. ஒரு சதுர சென்டிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில், ஏறக்குறைய 200 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் எட்டை அடுக்கி வைத்த பாரம் அது. சிலிண்டர் பிஸ்டலில் உட்கார்ந்திருக்கும்போது இந்த அழுத்தம் இரண்டையும் எதிரெதிராகத் தள்ளுகிறது. அதனால் மரைகள் ஒன்றையொன்று அழுத்திக் கவ்விக்கொள்கின்றன. காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் காய்ந்து போயிருந்தாலோ, மாட்டும்போது தேவைக்கு மேல் முறுக்கியிருந்தாலோ கேட்கவே வேண்டாம்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் கை தானாக நிதானப்படும். சிலிண்டரின் வாயில் தனி வால்வு ஒன்று இருக்கிறது. பிஸ்டல் பக்கம் ஒரு சின்ன ஊசி இருக்கிறது. சிலிண்டரை முழுக்கத் திருகும்போது அந்த ஊசி வால்வை அழுத்தித் திறக்கும். கழற்றும்போது ஊசி விலகும், வால்வு மூடிக்கொள்ளும். நடுவில் சிக்கிய கொஞ்சக் காற்று மட்டும் 'புஸ்' என்று வெளியே போகும். அதற்கப்புறம் இரண்டு விரலிலேயே கழன்றுவிடும். ஆவி அடங்காத குக்கரை உன் அம்மா கரண்டியால் நெம்பித் திறந்து பார்த்திருக்கிறாயா? விசில் அடங்கட்டும் என்று அடுப்படியில் பொறுப்பவள் வீட்டில் வளர்ந்த பெண் நீ. அந்தப் பொறுமையை இங்கேயும் கொண்டு வா.

இனி முறையைச் சொல்கிறேன். முதலில் பிஸ்டலைத் திறந்து பெல்லட் இல்லை என்று கண்ணால் பார். குழலுக்குள் பாதுகாப்புக் கொடியைச் செருகு. குழல் வாய் எப்போதும் டார்கெட் பக்கமே இருக்கட்டும். ஒரு கையால் பிஸ்டலின் உடம்பைப் பிடி. குழலையோ சைட்டையோ பிடித்து நெம்பாதே. மறு கையால் சிலிண்டரை, அது பிஸ்டலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை முழுக்கப் படும்படி பிடித்துக்கொள். அழுத்தம் காட்டும் கேஜ் இருக்கும் முனை உன் முகத்துக்கு நேராகவோ அடுத்தவர் முகத்துக்கு நேராகவோ வரக்கூடாது. மெதுவாகத் திருகு. 'புஸ்' சத்தம் வந்ததும் நிறுத்து. அது அடங்கியதும் மீதியைக் கழற்று. சத்தம் அடங்காமல் சீறிக்கொண்டே இருந்தால் சிலிண்டர் வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். அப்படியே திரும்ப இறுக்கிவிடு. காற்று தீரும்வரை கழற்ற நினைக்காதே.

சிலிண்டர் வெளியே வந்த பிறகும் பிஸ்டலுக்குள் ஒரு குண்டுக்குப் போதுமான மிச்சக் காற்று இருக்கலாம். காற்றில்லை என்ற நினைப்பில்தான் கை அசட்டையாகும்.

முதலிலேயே அசையவில்லை என்றால் என்ன செய்வது? சுடு. ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, வரிசையில் நின்று, பெல்லட் போட்டு, டார்கெட்டில் சுடு. இருபது குண்டுக்கு ஒருமுறை கேஜைப் பார்த்துவிட்டுக் கையால் திருகிப் பார். அழுத்தம் இறங்க இறங்க மரையின் பிடியும் தளரும். கை வழுக்கினால் பழைய சைக்கிள் டியூபை ஒரு பட்டையாக வெட்டிச் சுற்றிக்கொள். அலுமினியத்தில் ஒரு கீறலும் விழாது, பிடிப்பும் கிடைக்கும். காற்று முழுக்கத் தீர்ந்த பிறகும் மசியவில்லை என்றால் பழுது பார்ப்பவரிடம் கொடு. நெருப்பில் காட்டாதே. மரையில் எண்ணெய் விட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. இவ்வளவு அழுத்தத்தில் எண்ணெய் தீப்பற்றக்கூடும். ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ், அதுவும் விரலில் பட்டும் படாமலும் தடவினால் போதும். சிலிண்டரில் காற்றைத் தவிர வேறெதையும், முக்கியமாக ஆக்சிஜனை, நிரப்பவே கூடாது.

ரிஞ்சை நான் ஒளித்து வைத்ததற்கு ஒரு கதை இருக்கிறது. உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவனாக இருந்தபோது, ஒரு போட்டிக்கு முந்தின நாள், என் சிலிண்டரும் இப்படித்தான் மக்கர் செய்தது. துணியைச் சுற்றிக் கொறடால் பிடித்தேன். பிஸ்டல் பக்கம் கொறடுக்கு இடம் போதவில்லை, அதனால் கேஜ் பக்கம் பிடித்தேன். முக்கித் திருகியதும் சட்டென்று அசைந்தது. "வந்துடுச்சு" என்று கத்தினேன். வந்தது சிலிண்டர் இல்லை. திரும்பியது அதன் முனையில் இருந்த கேஜ். ஊசி முனையளவு இடைவெளி வழியாகக் காற்று சீறத் தொடங்கியது. இன்னும் அரைச் சுற்றுத் திருகியிருந்தால் அந்த இரும்புத் துண்டு எங்கே போயிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்க எனக்குப் பிடிக்காது. பிஸ்டலைத் தரையில் வைத்துவிட்டு எல்லாரும் விலகி நின்றோம். முள் பூஜ்யத்துக்கு வர வெகுநேரம் ஆனது. அந்த நேரமெல்லாம் எங்கள் கோச் ஒரு வார்த்தை பேசவில்லை. காற்றெல்லாம் போனபின் அவரே வந்து வெறுங்கையால் சிலிண்டரைக் கழற்றி என் கையில் வைத்தார். கொறடின் பல் பதிந்து, இரண்டு விரல் அகலத்துக்கு அதில் காயம். காயம் பட்ட சிலிண்டரில் மறுபடி காற்று நிரப்பக் கூடாது. இன்றும் அது என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது.

அன்று கற்றது இதுதான்: அழுத்தம் உள்ளே இருக்கும்போது பலத்தைக் காட்டினால் எது அசையும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே சிலிண்டரின் தலையிலோ கேஜிலோ உள்ள எந்தத் திருகையும் காற்று இருக்கையில் தொடாதே.

காற்று நிரப்பும் இடத்திலும் இதே கதைதான். நிரப்பி முடித்ததும் பெரிய டேங்கின் வால்வை மூடிவிட்டு, நடுவில் உள்ள ஹோஸில் நிற்கும் காற்றைத் திறந்து விட வேண்டும். அதை மறந்துவிட்டு, "அடாப்டர் சிக்கிக்கிச்சு மாமா" என்று மாதம் ஒருவராவது வருகிறார்கள். காற்றை விட்டதும் அது கையோடு வந்துவிடும்.

இன்னும் சில விஷயங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் தேதி பொறித்திருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பத்து ஆண்டு ஆயுள் சொல்கிறார்கள். காலாவதி ஆகாததைக் கொண்டு வருவது வீரரின் பொறுப்பு என்கிறது சர்வதேச விதி. வெயிலில் நிற்கும் காரில் பிஸ்டல் பெட்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதே. 30 டிகிரியில் 200 பார் இருக்கும் சிலிண்டர் 60 டிகிரிச் சூட்டில் 220 பாரைத் தொடும். விமானத்தில் போவதானால் பல நிறுவனங்கள் சிலிண்டர் காலியாக, கழற்றிய நிலையில் இருக்க வேண்டும் என்று கேட்கும். அதை முந்தின நாளே வீட்டில் செய்துவிடு. கவுன்ட்டரில் பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டும்போது செய்கிற வேலை இல்லை அது.

போட்டியிலும் இந்தச் சிலிண்டர் வேலை வரும். 60 குண்டு, 75 நிமிடம். நடுவில் சிலிண்டரை மாற்றவோ நிரப்பவோ வேண்டுமென்றால் அதிகாரியிடம் அனுமதி வாங்கி, சுடும் வரிசையை விட்டு வெளியே போய்த்தான் செய்ய வேண்டும். அதற்காகக் கூடுதல் நேரம் தரமாட்டார்கள். அந்த நேரத்தில் உன் கைக்கு இந்த வேலை பழகியிருக்க வேண்டும்.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. அது சிலிண்டர் கோளாறு இல்லை, ஆனால் சரிசெய்து வருவதற்குள் நிமிடங்கள் கரைந்தன. 575 புள்ளியோடு 12-ஆம் இடம். இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று கைநழுவியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே பிரிவில் அவர் வெண்கலம் வாங்கினார். இயந்திரம் யாரையும் எந்த நிமிடத்திலும் கைவிடும். அப்போது பதறாத கை இப்படிச் சின்னச் சின்ன வேலைகளில்தான் பழகும்.

ட்ரிகரை வெடுக்கென்று இழுக்காதே என்று கோச் உனக்குத் தினமும் சொல்கிறார். சிலிண்டரைத் திருகும்போது மட்டும் அந்தப் பாடம் உனக்கு மறந்துவிடுகிறது. இரண்டும் ஒரே கைதானே, அம்மா?

நாளை காலை வா. பிஸ்டலை நேற்று விட்டபடியே கொண்டு வா, நடுவில் யாரிடமும் கொடுத்துத் திருகிப் பார்க்காதே. கூடவே ஒரு டப்பா பெல்லட்டும் எடுத்து வா. உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் நீயே சுட்டுத் தீர்க்கப் போகிறாய். சும்மா தீர்க்க வேண்டாம், புள்ளி எழுதிக்கொண்டே சுடுவோம். கடைசிக் குண்டு முடிந்ததும் சிலிண்டரை நீயே கழற்று. நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

அன்புடன்,
ரிஞ்சை ஒளித்து வைத்த மாமா