பாட்டு வாத்தியார் வாசுதேவாச்சாரியார்

“இந்த வயதில் இனி என்ன படிப்பு?” என்று சிலர் கேட்கிறார்கள். 90 வயதிலும் கற்றுக் கொடுத்த ஒரு பாட்டு வாத்தியாரைப் பற்றிப் படிப்போம், வாருங்கள்.

மைசூர் வாசுதேவாச்சாரியார் 1865-ஆம் ஆண்டு பிறந்தார். அந்தக் காலத்தில் நம் கோலார் பகுதியும் மைசூர் ராஜ்யத்தில்தான் இருந்தது. அவர் சிறு வயதிலேயே அப்பாவை இழந்தார். ஆனாலும் படிப்பை விடவில்லை. சமஸ்கிருதம் படித்தார். வீணையும் பாட்டும் கற்றார்.

அவருடைய ஆர்வத்தை மைசூர் மகாராஜா கண்டார். உதவித்தொகை கொடுத்து, தஞ்சைப் பக்கம் உள்ள திருவையாற்றுக்கு அனுப்பினார். அங்கே பட்டணம் சுப்பிரமணிய ஐயர் என்ற பெரிய வித்வான் இருந்தார். அவரிடம் வாசுதேவாச்சாரியார் பாட்டுக் கற்றார்.

அந்தக் குருவுக்குக் கற்றுக் கொடுத்தவர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர். அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் தியாகராஜர். தியாகராஜர் 1847-இல் காலமானார். ஆனால் அவருடைய பாட்டு அழியவில்லை. ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் காதுக்கு வந்து சேர்ந்தது.

வாசுதேவாச்சாரியார் மைசூர் அரண்மனை வித்வான் ஆனார். தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் நிறைய கீர்த்தனைகள் இயற்றினார். வயதான பிறகு சென்னைக்குப் போனார். அங்கே ருக்மிணி தேவி நடத்திய கலாக்ஷேத்திராவில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். 1955-இல் அங்கே ராமாயண நாட்டிய நாடகம் தொடங்கியது. அதற்கு இசை அமைத்தவர் அவர்தான். அப்போது அவருக்கு வயது 90!

1961-இல், 95-ஆம் வயதில் அவர் காலமானார். ராமாயண வேலை அப்போது முடியவில்லை. அவரிடம் கற்ற பேரன் ராஜாராம் அதை முடித்து வைத்தார். கற்றுக் கொடுத்ததால் வேலை நிற்கவில்லை.

அவர் இன்னொரு நல்ல காரியமும் செய்தார். தாம் நேரில் கண்ட கலைஞர்களைப் பற்றிக் கன்னடத்தில் எழுதினார். அவர் இளைஞராக இருந்தபோது நம் நாட்டில் இசைத்தட்டு வரவில்லை. அன்று பாடியவர்களின் குரலை நாம் கேட்க முடியாது. ஆனால் அவர்கள் எப்படிப் பாடினார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று அவர் எழுதியதைப் படிக்கலாம்.

மாரிகுப்பத்து லைன் வீடுகளிலும் பாட்டுத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களுக்குத் தெரிந்த பஜனைப் பாட்டும் தாலாட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் இருக்கலாம். எழுதி வைக்காவிட்டால் அவர்களோடு போய்விடும்.

இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

புதிய சொற்கள்
வித்வான் – கலையில் தேர்ந்தவர்
கீர்த்தனை – சாமி மேல் பாடும் பாட்டு
உதவித்தொகை – படிப்பதற்குத் தரும் பணம்

பேசுவோம்
1. தியாகராஜரின் பாட்டு வாசுதேவாச்சாரியாருக்கு எப்படி வந்து சேர்ந்தது?
2. ராமாயண வேலையை முடித்தவர் யார்? அவரால் எப்படி முடிந்தது?

எழுதுவோம்
உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு பாட்டுக் கேளுங்கள். அதை எழுதுங்கள். பாடியவர் பெயரையும், அவர் யாரிடம் கற்றார் என்பதையும் கீழே எழுதுங்கள். அடுத்த வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.