அப்பாவுக்கு ஒரு பாட்டுப் பெட்டி

கேள்வி:

அண்ணா, நாங்கள் பூனாகலையில் லயத்து வீட்டில் இருக்கிறோம். நான் பண்டாரவளை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறார். அப்பாவுக்கு வயது 67. தோட்டத்தில் விலகி ஈபிஎஃப் காசும் எடுத்தாயிற்று. பகலெல்லாம் தனியாக இருக்கிறாரே என்று போன தீபாவளிக்கு ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்தேன். டி.எம்.எஸ்., சீர்காழி பாட்டு இருந்தால் அவருக்கு வேறொன்றும் வேண்டாம். யூடியூப்பில் போட்டுக் கொடுத்தேன். நான் போடுகிற டேட்டா மூன்று நாளில் தீர்ந்துபோகிறது. திரை அணைந்தால் பாட்டும் நின்றுவிடுகிறது. மழை நாளில் வீட்டுக்குள் சிக்னலே இல்லை. போனைத் தூக்கிக்கொண்டு கோயிலடிக்குப் போய் நிற்கிறார். என்னோடு வேலை செய்கிற பிள்ளை மாசாமாசம் காசு கட்டி ஸ்பாட்டிஃபையில் கேட்கிறாள். அப்பாவுக்கும் எடுத்துக் கொடுக்கலாமா? "பாட்டுக் கேட்கவும் மாசக் காசா?" என்கிறார் அம்மா. முந்தி மாசி மாசம் காமன் கூத்தில் அப்பாதான் முன்னுக்கு நின்று பாடுவார். இப்போது மூச்சு வாங்குவதால் பாடுவதில்லை. கேட்கவாவது செய்யட்டும் என்று பார்க்கிறேன்.

– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி, பூனாகலை

பதில்:

அன்புள்ள தங்கச்சி, எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் எதற்காகக் காசு கட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள். விளம்பரம் வராது, உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது என்று கடைக்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள். உங்கள் வீட்டுக்கு அதில் பிரயோசனமானது ஒன்றே ஒன்றுதான். பாட்டைப் போனுக்குள் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு சிக்னல் வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று. திரை அணைந்தாலும் பாட்டு ஓடும். இலவசமாகக் கேட்பவர்களுக்குப் பாட்டை இறக்கி வைக்கும் வசதி கிடையாது.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் (பாதி நாள் கூலி) போடுகிற இடத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் பார்ப்போம். ஸ்பாட்டிஃபையில் ஒலியின் தரத்தை நாமே தெரிவு செய்யலாம். ஆகக் குறைந்தது 24 கிலோபிட், சாதாரணம் 96, உயர்ந்தது 160, அதற்கும் மேலே 320. சாதாரணத்தில் வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 43 எம்பி போகும். 160 இல் வைத்தால் 72 எம்பி. அப்பா நாளுக்கு நாலு மணித்தியாலம் சாதாரணத் தரத்தில் கேட்டால் மாதம் முடிய 5 ஜிபியைத் தாண்டும். யூடியூப்பில் படமும் சேர்ந்து ஓடுவதால் இதைப்போலப் பல மடங்கு. உங்கள் டேட்டா மூன்று நாளில் தீர்ந்ததற்குக் காரணம் அதுதான்.

அதே தரத்தில் 200 பாட்டை ஒரேயொரு தடவை இறக்கி வைத்தால் 600 எம்பிக்குள் முடிந்துவிடும். பதின்மூன்று மணித்தியாலப் பாட்டு அது. அதை வருஷம் முழுக்கக் கேட்டாலும் மேற்கொண்டு டேட்டா போகாது. ஆகவே அம்மாவிடம் மாசச் சந்தாவை மட்டும் தனியாகச் சொல்லாதீர்கள். இப்போது மாசத்துக்கு எத்தனை தடவை டேட்டா போடுகிறீர்கள் என்று கூட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அப்படியும் சந்தாதான் கூட வந்தால் எடுக்க வேண்டாம். புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சில வேளை இலவசச் சோதனைக் காலம் கொடுப்பார்கள். அதில் ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். காசு பிடிக்கும் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நிற்காது, கணக்குக்குள் போய் ரத்து செய்தால்தான் நிற்கும். இதைத் தெரியாமல் ஆறு மாதம் காசு கட்டியவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

கட்டுவதற்கு ஏடிஎம் கார்ட் போதும், ஆனால் அதில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வங்கியில் கேட்டால் செய்து தருவார்கள். குடும்பத் திட்டம் என்று ஒன்று ஆறு பேருக்கு உண்டு. பக்கத்துக் காம்பராக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். லயத்தில் எல்லோருக்கும் தோட்டத்துப் பெயர்தானே முகவரி! ஆனால் அந்தத் திட்டம் ஒரே வீட்டில் குடியிருப்பவர்களுக்கு உரியது. மற்றவர்களைச் சேர்த்தால் பிறகு சிக்கல் வரும்.

இனி இறக்கி வைக்கும் வேலை. இதை நீங்கள் டவுனில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். லீவு நாளில் அப்பாவின் போனைக் கொண்டுவந்து, வைஃபை உள்ள இடத்தில் ஒரு தேநீர் குடிக்கிற நேரம் உட்கார்ந்தால் முடியும். செட்டிங்ஸில் 'டவுன்லோட்' தரத்தைச் சாதாரணத்துக்கு மாற்றுங்கள். மொபைல் டேட்டாவில் இறக்குவதை நிறுத்தி வையுங்கள். போனில் இடம் போதாவிட்டால் ஒரு மெமரி கார்ட் போட்டு, சேமிக்கும் இடத்தை அதற்கு மாற்றலாம். கடைசியாக ஆப்பை 'ஆஃப்லைன்' நிலையில் போட்டு அப்பாவின் கையில் கொடுங்கள். அதற்குள் அவர் எதைத் தட்டினாலும் டேட்டா போகாது. 30 நாளுக்கு ஒரு தடவையாவது அந்தப் போன் இணையத்தோடு சேர வேண்டும், இல்லாவிட்டால் இறக்கிய பாட்டுகள் போய்விடும். சம்பள நாளில் ஒரு தடவை என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பாட்டைத் தேடுவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், அப்பாவுக்கு இராது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அறிவிப்பாளர்கள் மயில்வாகனமும் அப்துல் ஹமீதும் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர் எல்லாம் சொல்லித்தான் ஒரு பாட்டைப் போடுவார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு அந்த விவரமெல்லாம் மனப்பாடம். வெறும் பாட்டின் முதலடியைப் போட்டுத் தேடினால் வேறு யாரோ இப்போது பாடியது, கரோக்கி, ரீமிக்ஸ் எல்லாம் முன்னுக்கு வந்து நிற்கும். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, படத்தின் பெயரையும் பாடகர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். பட்டியலை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் போடுங்கள். ஆப்பின் மொழியையும் தமிழுக்கு மாற்றலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அந்தப் பாட்டு உங்களுக்குச் சொந்தமில்லை, வாடகைக்கு இருக்கிறது. சந்தா நின்றால் இறக்கியதும் பாடாது. பட்டியல் மட்டும் மிஞ்சும். கம்பெனிகளுக்குள் பிணக்கு வந்தாலும் பாட்டு காணாமல் போகும். பழைய எச்எம்வி இசைத்தட்டுகளின் உரிமை சரிகம கம்பெனியிடம் இருக்கிறது. 2019 இல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே வழக்காகி, அவர்களுடைய பாட்டுகள் நீக்கப்பட்டன. 2020 இல் உடன்பாடு ஆன பிறகுதான் திரும்பி வந்தன. அப்பா கேட்கிற காலத்துப் பாட்டில் ஒரு பெரிய பங்கு அந்தக் களஞ்சியத்துக்குள் இருப்பதுதான். திடீரென்று ஒரு பாட்டு மங்கிப்போய்த் தட்டினாலும் பாடாவிட்டால் போன் பழுது என்று பதற வேண்டாம்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காதில் ஹெட்செட் போட்டுக்கொண்டு தூங்கும் பழக்கத்துக்கு அப்பாவை விடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் மலை சரிந்ததை உங்கள் வீட்டில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. 2023 மார்ச்சில் உங்கள் பக்கத்திலேயே கபரகலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. மழை இரவில் பக்கத்து வீட்டார் கூப்பிடுவது காதில் விழ வேண்டும். ஸ்பீக்கரில் மெதுவாகக் கேட்கட்டும். பாட்டு தானாக நிற்க ஆப்பிலேயே 'ஸ்லீப் டைமர்' இருக்கிறது. அரை மணித்தியாலத்துக்கு வைத்துக் கொடுங்கள். மழை கூடிய ஒக்டோபர், நவம்பரில் போனின் சார்ஜைப் பாட்டுக்கே செலவழித்துவிட வேண்டாம். எஃப்எம் உள்ள போன் என்றால் ஹெட்செட் வயரைச் செருகினால் டேட்டா இல்லாமலே வானொலி கேட்கும், எச்சரிக்கையும் அதில் வரும்.

கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியைப் படித்த பிறகு இதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றி, காமன் எரிகிற நாள் வரை உங்கள் அப்பா பாடிய பாட்டு எந்த ஆப்பிலும் இல்லை, தங்கச்சி. வேறு தோட்டத்துக் கூத்து யாராவது வீடியோ எடுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் மெட்டு மாறும், அடி மாறும். ரதியும் மன்மதனும் ஆடும்போது உங்கள் லயத்துத் தப்புக்கு அவர் எப்படி எடுத்துப் பாடினார் என்பது அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. மடக்கும்புரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) நம் சனங்களின் பாட்டுகளைத் தேடித் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாக்கினார். அவர் செய்யாமல் விட்டிருந்தால் அந்தச் சொற்களும் போயிருக்கும். ஆனால் காகிதத்தில் சொல்தான் நிற்கும். மெட்டும் குரலும் நிற்காது. அவருக்கு இல்லாத கருவி இன்று உங்கள் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது.

தோட்டத்துப் பாட்டை யார் கேட்கப் போகிறார்கள் என்று அவர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஸ்பாட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021 பெப்ரவரியில். அடுத்த மாதம் 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தது. தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் நம் தேயிலைத் தோட்டங்களில் பாடுபட்டு, பிறகு இந்தியாவுக்குப் போனவர். அவருடைய வாழ்க்கைதான் அந்தப் பாட்டின் ஊற்று என்று அறிவு சொல்லியிருக்கிறார். உலகம் முழுக்கக் கேட்டது அதை. அதே பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024 இல் சொன்னதையும் நான் மறைக்க மாட்டேன். ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் எல்லோருடைய சந்தாவும் ஒரே குவியலாகச் சேர்ந்து, எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்ற விகிதத்தில் உரிமைக்காரர்களுக்குப் பிரிகிறது. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு அந்தப் பங்கில் ஒரு சதமும் இல்லை. அதனால் அப்பாவின் பாட்டை விற்கிற யோசனை வேண்டாம். வீட்டுக்காக எடுத்து வையுங்கள்.

எப்படி எடுப்பது என்று சொல்கிறேன். மழை நாளில் எடுக்காதீர்கள், தகரத்தில் விழுகிற சத்தம் பாட்டை விழுங்கிவிடும். எல்லோரும் மலைக்குப் போன பிறகு, லயம் அமைதியாக இருக்கும் காலைப்பொழுதே நல்லது. போனை 'ஏரோப்ளேன்' நிலையில் போடுங்கள். இடையில் கோல் வந்தால் பதிவு அறுந்துவிடும். மடித்த துணி ஒன்றின் மேல், அப்பாவுக்கு ஒரு முழத் தூரத்தில் வைத்து, போனிலுள்ள ரெக்கார்டரை அழுத்திவிட்டு மறந்துவிடுங்கள். மூச்சு வாங்குகிறது என்றீர்களே, முழுப் பாட்டும் வேண்டாம். இன்றைக்கு நாலு அடி, நாளைக்கு நாலு அடி. இருமினால் இருமட்டும், வெட்டி எறியாதீர்கள். பாட முடியாத நாளில் அந்த அடியை யாரிடம் கற்றார், வீரபத்திரன் வேடம் கட்டியது யார், தப்படித்தது யார் என்று பேசவிட்டு அதையும் பதியுங்கள். ஒவ்வொன்றுக்கும் திகதியும் பாட்டின் பெயரும் போட்டு வையுங்கள்.

என் அப்பாயி பாடிய தாலாட்டு இரண்டு என் பழைய போனில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் போன் தண்ணீருக்குள் போயிற்று. வேறு எங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை. எத்தனையோ பேருடைய போனைத் திருத்திக் கொடுத்த என்னால் அந்தக் குரலை மீட்க முடியவில்லை. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்று மெமரி கார்டில், ஒன்று கூகுள் டிரைவில், ஒன்று வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவரின் போனில். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், ஒலி கெடாது.

அந்தப் பதிவுகளை எம்பி3 ஆக மாற்றி அப்பாவின் போனிலேயே வைத்தால், ஸ்பாட்டிஃபை செட்டிங்ஸில் 'லோக்கல் ஃபைல்ஸ்' என்பதைத் திறந்துவிட்டதும் ஆப்புக்குள்ளேயே அவை தெரியும். அவருடைய பட்டியலில் டி.எம்.எஸ். பாட்டு ஒன்றுக்கும் சீர்காழி பாட்டு ஒன்றுக்கும் நடுவில் அதைச் சேர்த்துவிடுங்கள். முன்கூட்டிச் சொல்லாதீர்கள், தானாக வரட்டும். கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.