அபலோன்: நிறத்தை விடுங்கள், துளையைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியின் சுவருக்கு அப்பால் கடல்தான். அந்தச் சுண்ணாம்புக்கல் கரையில் ஓடு பொறுக்குகிறவர்கள், உள்பக்கம் மினுங்கும் எதைக் கண்டாலும், காது வடிவக் கடல்நத்தையான அபலோனின் ஓடு என்றே முதலில் நினைப்பார்கள். முத்துச்சிப்பியின் உடைந்த துண்டும் அப்படித்தான் மினுங்கும். அதனால் இனம் பிரிக்கப் போகுமுன், கையில் இருப்பது அபலோன்தானா என்று பார்ப்பது நல்லது.

அதற்கு ஒரே சோதனை போதும். ஓட்டின் ஒரு விளிம்பை ஒட்டி வரிசையாகத் துளைகள் இருக்க வேண்டும். மூச்சுக்கு உள்ளே எடுத்த நீரையும், கழிவையும், இனப்பெருக்க காலத்தில் முட்டையையும் விந்தையும் அபலோன் அந்த வழியாகத்தான் வெளியேற்றுகிறது. உச்சியில் ஒரே ஒரு துளை இருந்தால் அது வேறு நத்தை. காது வடிவம் இருந்தும் துளையே இல்லையென்றால் பெரும்பாலும் ஸ்டொமாட்டியா வகை. கடற்பஞ்சு துளைத்த பழைய ஓடுகளிலும் ஓட்டைகள் உண்டு, ஆனால் அவை வரிசையில் நிற்பதில்லை.

அடுத்தது எண்ணிக்கை. ஓடு வளர வளர விளிம்பில் புதுத் துளை உருவாகும், பழையது அடைபடும். ஆகவே திறந்த துளைகளை மட்டும் எண்ண வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் பாசியும் சுண்ணாம்பும் ஏமாற்றும். ஓட்டை வெயிலுக்கு நேரே பிடித்து, உள்பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரியும் துளைகளை எண்ணுவதே என் வழக்கம்.

எண்ணிக்கையோடு வடிவத்தையும் சேர்த்தால் மூன்று இனங்களை ஓரளவு பிரித்துவிடலாம். மன்னார் வளைகுடாவில் அறியப்பட்ட ஹாலியோட்டிஸ் வேரியா சிறியது. மேற்பரப்பு வரியும் முடிச்சுமாகச் சொரசொரக்கும். திறந்த துளை நான்கு அல்லது ஐந்து. ஹாலியோட்டிஸ் ஒவினா தட்டையாக, வட்டத்தை நெருங்கிய வடிவில் இருக்கும். அதன் துளைகள் குழாய் வாய்போல மேலெழும்பி நிற்கும், பெரும்பாலும் நான்கு. ஹாலியோட்டிஸ் அசினினாவை ஒருமுறை பார்த்தால் மறக்காது: நீண்டு ஒடுங்கிய வழவழப்பான ஓடு, ஐந்து முதல் ஏழு துளை. உயிரோடு இருக்கும்போது அதன் சதை ஓட்டைவிடப் பெரிதாகி, ஓட்டின் பெரும்பகுதியை மூடிக்கொள்ளும்.

நிறத்தை ஏன் நம்பக் கூடாது? தின்னும் பாசியைப் பொறுத்து ஓட்டின் நிறம் மாறுகிறது. ஜப்பானில் பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். குஞ்சுப் பருவத் தீனியால் ஓட்டின் உச்சிப் பகுதி பச்சையாகிவிடும். பின்னால் கடலில் பிடிபடும்போது, அந்தப் பச்சையை வைத்தே விட்ட குஞ்சு எது, இயற்கையாய் வளர்ந்தது எது என்று அடையாளம் காண்கிறார்கள். ஒரே இனத்தில் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, பச்சை ஒரு இனம், சிவப்பு ஒரு இனம் என்று பிரிப்பது வீண்.

தேடும் இடமும் முக்கியம். உப்பு குறைந்த நீரை அபலோன் தாங்காது. கீரிமலையில் நன்னீர் ஊறிக் கடலில் கலக்கும் பக்கம் உயிருள்ளதைத் தேடுவதில் பயனில்லை. பகலில் பாறை இடுக்கில் ஒளிந்து இரவில் மேயும் உயிர் அது. வாடைக் காலத்தில் இந்த வடகரையில் அலை மோசம். காற்று ஓய்ந்தபின், கரையில் ஒதுங்கிய வெற்று ஓடுகளோடு நிறுத்திக்கொள்வதே புத்தி.

உயிருள்ள ஒன்று கண்ணில் பட்டால் கத்தியால் நெம்பக் கூடாது. அபலோனின் இரத்தம் நம்முடையதைப்போல் உறையாது. சிறு வெட்டும் அதைக் கொல்லலாம். கலிபோர்னியாவின் வெள்ளை அபலோன் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு, 2001இல் அமெரிக்காவின் அழியும் உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. உலகின் 54 அபலோன் இனங்களில் 20 அழியும் ஆபத்தில் இருப்பதாக இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2022இல் அறிவித்தது.

ஆகவே ஓட்டின் வெளிப்பக்கம், உள்பக்கம், பக்கவாட்டு ஆகிய மூன்றையும் அடிக்கோலை அருகே வைத்துப் படமெடுங்கள். இடத்தையும் தேதியையும் குறித்துவையுங்கள். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டு வாருங்கள்.