தாய் தகப்பன் துணை இல்லாத பிள்ளைக்கு நம் குழு என்ன செய்யலாம்?



சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன் பற்றி மாதாமாதம் பேசுகிறோம். இந்த மாதப் பாடம் நம் தெருவில் பாட்டி வீட்டிலும், அத்தை வீட்டிலும், பெரியம்மா வீட்டிலும் வளரும் பிள்ளைகளைப் பற்றியது. நாங்கள் போகிற ஊர்களில் இப்படி நாலு பிள்ளைகளாவது இல்லாத ஊர் குறைவு. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் இவர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது.

எந்தப் பிள்ளைகளைச் சொல்கிறோம்?

பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகள் மட்டும் இல்லை. அப்பா இறந்து, அம்மா தனியாகக் கஷ்டப்படும் வீட்டுப் பிள்ளை, பெற்றோர் விட்டுவிட்டுப் போன பிள்ளை, பெற்றோர் தீராத நோயில் படுத்துவிட்ட பிள்ளை, படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, சின்ன வயதிலேயே கல்யாணப் பேச்சு நடக்கும் பெண் பிள்ளை எல்லோரும் இதில் வருவார்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, இப்படிப்பட்ட 18 வயது ஆகாத பிள்ளைகளில் பலரைப் "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்கிறது.

உதவி இருந்தும் ஏன் வந்து சேரவில்லை?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒன்பது வயதுப் பெண் பிள்ளை. அப்பா இறந்து இரண்டு வருடம். அம்மா வேறு ஊருக்குப் போய்விட்டார். கூலி வேலை செய்யும் பாட்டிதான் வளர்க்கிறார். பிள்ளையின் பெயர் அப்பா வீட்டு ரேஷன் கார்டில் இருக்கிறது. ஆதார் அம்மா கையில். அப்பாவின் இறப்பை யாரும் பதிவு செய்யவில்லை. பள்ளியில் டி.சி. கேட்கிறார்கள். பேங்கில் ஆதார் கேட்கிறார்கள். உதவித்தொகைக்குப் போனால் பாஸ்புக்கும் இறப்புச் சான்றிதழும் கேட்கிறார்கள். நாலு நாள் கூலியை விட்டு அலைந்த பாட்டி, "நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று உட்கார்ந்துவிடுகிறார்.

இதில் எந்த அலுவலகமும் உதவி இல்லை என்று சொல்லவில்லை. சான்றிதழ் வருவாய்த் துறை. ரேஷன் உணவுத் துறை. படிப்பு கல்வித் துறை. பாதுகாப்பு, குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை. ஒவ்வொரு துறையும் தன் பங்கை மட்டும் பார்க்கிறது. பிள்ளையை முழுசாகப் பார்த்து, ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. அந்த ஆளாக நம் குழு இருக்க முடியும்.

"சொன்னால் பிள்ளையை ஹோமுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" – உண்மையா?

பல பாட்டிமார் வாய் திறக்காததற்கு இந்தப் பயம்தான் காரணம். சட்டம் சொல்வது வேறு. பிள்ளை குடும்பத்தில்தான் வளர வேண்டும், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. நல்லபடியாக வளர்க்கும் பாட்டியிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கத் தேவையில்லை. அவர் தொடர்ந்து வளர்க்கக் கைகொடுப்பதற்குத்தான் கீழே உள்ள திட்டங்கள்.

என்னென்ன உதவிகள்?

1. நிதி ஆதரவு: மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போக வேண்டும். கணவரை இழந்த, கைவிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளும் கேட்கலாம்.

2. அன்புக் கரங்கள்: தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பெற்றோர் இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது.

3. பள்ளி: கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை, டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. முதலில் சேர்க்க வேண்டும். காகிதம் பிறகு வரட்டும்.

நிதி ஆதரவுக்கு மனு கொடுக்கும் இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. நம் பிள்ளைக்கு எந்தத் திட்டம் பொருந்தும் என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

மூன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்

சொந்தக்காரர் வளர்ப்பது ஒன்று. வளர்ப்புப் பராமரிப்பு இன்னொன்று: உறவில்லாத ஒரு குடும்பத்தில், குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி பிள்ளையைத் தற்காலிகமாக ஒப்படைப்பது. மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல்படி, 35 முதல் 60 வயது வரையுள்ள, தனியாக வாழும் பெண்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். மூன்றாவது தத்து. அதில் பிள்ளை சட்டப்படி நிரந்தரமாக அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஆகிவிடும். இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார்.

"பிள்ளை இல்லாதவங்களுக்குக் கொடுத்துட்டா நல்லா இருக்குமே" என்று வாய்வார்த்தையில் கைமாற்றக் கூடாது. பணம் வாங்கினாலும் கொடுத்தாலும் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

குழு செய்ய வேண்டியது: ஒரு பிள்ளை, ஒரு பொறுப்பாளர், ஒரு ஃபைல்

* மாதக் கூட்டத்தில் "நம் ஊர்ப் பிள்ளைகள்" என்று ஒரு பொருள் சேர்த்துத் தீர்மானம் எழுதுங்கள்.

* ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உறுப்பினர் பொறுப்பு ஏற்கட்டும். அலுவலகத்துக்குப் பாட்டியோடு போவது அவர் வேலை. அன்றைய பஸ் செலவைக் குழுவின் பொது நிதியிலிருந்து தரலாம்.

* ஒரு ஃபைலில் பிறப்புச் சான்று, பெற்றோரின் இறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, பள்ளியில் படிப்பதற்கான சான்று, வருமானச் சான்று, பாஸ்புக் நகல்கள் இருக்கட்டும். எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் போனோம், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

* இறப்புப் பதிவை முதலில் பாருங்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் அதிகாரியின் ஆணை வாங்கித்தான் பதிய முடியும். ஊரில் சாவு நடந்த வீட்டுக்குப் போகும்போதே "பதிஞ்சாச்சா?" என்று கேட்பது பெரிய உதவி.

* பணம் வரத் தொடங்கியதும் வேலை முடிந்துவிடாது. பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, சாப்பிடுகிறதா, முகம் வாடியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

* பிள்ளையின் படத்தையும் கதையையும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பாதுகாப்புக்கு வந்த பிள்ளையின் அடையாளத்தை வெளியிடச் சட்டத்தில் தடை உண்டு. அந்தப் பிள்ளை இதே ஊரில்தான் தலைநிமிர்ந்து வளர வேண்டும்.

கூட்டம் வரை காத்திருக்கக் கூடாத நேரம்

அடி, பாலியல் தொல்லை, குழந்தைத் திருமண ஏற்பாடு, பிள்ளையைக் காணவில்லை, தனியே விடப்பட்ட கைக்குழந்தை என்றால் உடனே 1098-க்குப் போன் செய்யுங்கள். இலவச எண், இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். தனியே கிடைத்த குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்வது சட்டப்படி நம் கடமை. "நமக்கெதுக்கு வம்பு" என்று இருந்துவிட முடியாது.

கடனை ஒரு நாள் தவறாமல் திருப்பிக் கட்டக் கற்றுக்கொண்டவர்கள் நாம். கணக்கு எழுதவும், பேங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து பேசவும் பழகியவர்கள். பாட்டிக்குக் கிடைக்காத இந்தப் பழக்கம்தான் அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுக்கப்போகும் சொத்து.

குழுவில் கலந்து பேச

1. நம் ஊரில் பெற்றோர் துணை இல்லாமல் எத்தனை பிள்ளைகள் வளர்கிறார்கள்?
2. அவர்களில் யாருக்கு எந்தச் சான்றிதழ் இல்லை?
3. அடுத்த கூட்டத்துக்குள் எந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு எடுப்பது?