பத்து வெள்ளியும் ஒரு ரசீதும்: கிளைகளுக்கு நிதி திரட்டும் பாடம்

இந்தப் பாடம் பணத்தைப் பற்றியது. பஜனை, பண்பாட்டு முகாம் என்றால் வேகமாக வந்துவிடுவோம். "நன்கொடை கேட்கப் போகணும்" என்று பொருளாளர் சொன்னதும் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் காய்ச்சல் வரும். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் கிளை கிள்ளானில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் எஸ்பிஎம் மாணவர்கள் இருபத்தெட்டுப் பேருக்கு இலவசமாகக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறோம். கடைவீட்டு மாடி வாடகை 650 வெள்ளி, தாள் நகலெடுக்க 150, தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேனுக்கு 200. மாதம் ஆயிரம் வெள்ளி. போன வருடக் கடைசியில் கையிருப்பு இரண்டு மாதத்துக்குத்தான் இருந்தது.

பணம் திரட்ட ஜாலான் தெங்கு கிளானாவில் கடை கடையாக ஏறினோம். ஒரு துணிக்கடை ஐயா, நாங்கள் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"போன வருஷம் நூறு வெள்ளி கொடுத்தேனே தம்பி, அது என்னாச்சு?"

எனக்குத் தெரியவில்லை. கூட வந்தவருக்கும் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்தோம். அவர் கோபமாகக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

முதல் பாடம்: பழைய கணக்கைத் திற

அன்று இரவே ரசீதுக் கட்டுகளைத் தேடி எடுத்தோம். போன வருடம் விருந்து நிகழ்ச்சி நடத்தியிருந்தோம். மேசையும் நன்கொடையும் சேர்த்து வந்தது 18,000 வெள்ளி. மண்டபம், சாப்பாடு 12,600. மேடை, ஒலி, பாடகர்கள் 2,300. அழைப்பிதழ், மாலை, நினைவுப் பரிசு 700. மிச்சம் 2,400. ஒன்பது பேர் நான்கு மாதம் அலைந்தது, இரண்டரை மாத வகுப்புச் செலவுக்குக்கூடக் காணாது.

நான் பொறியியல் படிக்கிறவன். நூறு வெள்ளி உள்ளே போய்ப் பதின்மூன்று வெள்ளி வேலை செய்தால், அந்த மோட்டாரை லெக்சரர் குப்பையில்தான் போடச் சொல்வார். யாரும் திருடவில்லை. ஆனால் அந்த ஐயா பிள்ளைகளுக்கென்று கொடுத்த நூறில் பெரும்பகுதி நாசி பிரியாணியாகப் போய்விட்டது. இதையும் ஒரு பிழை என்றுதான் சொல்ல வேண்டும்.

விருந்தே கூடாது என்று சொல்ல வரவில்லை. நடத்துவதற்கு முன்பே, நூற்றில் எவ்வளவு பிள்ளைகளிடம் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதிகூடச் சேராது என்றால் வேறு வழி தேடுங்கள்.

இரண்டாம் பாடம்: நமக்கு முன்னால் செய்தவர்கள்

பிரிக்பீல்ட்ஸ் போனால் ஜாலான் துன் சம்பந்தனில் நடக்கிறோம். அந்தப் பெயருக்குரியவர் செய்த ஒரு வேலையை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ரப்பர் தோட்ட முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். வேலையும் போய், குடியிருந்த லயத்து வீடும் போய், நம்மவர்கள் தெருவில் நின்றார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடமே கேட்டார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

அது பங்குப் பணம், நாம் கேட்பது நன்கொடை, இரண்டும் வேறுதான். ஆனாலும் கற்றுக்கொள்ள மூன்று விஷயம் இருக்கிறது. சிறிய தொகையைப் பலரிடம் கேட்டார்கள். எதற்கு என்பதை ஒரே வரியில் சொன்னார்கள். போய்ப் பார்க்கக்கூடிய ஒன்றைக் காட்டினார்கள்.

நம் சமயத்திலும் இந்த வழி புதிதல்ல. காஞ்சிப் பெரியவர் ஊக்குவித்த பிடி அரிசித் திட்டம் கேள்விப்பட்டிருப்பீர்கள். தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பது. அந்த ஒரு பிடியால் எந்த வீட்டிலும் பசி வராது. ஊர் முழுக்க அப்படி வைத்தால் கோயிலில் அன்னதானமே நடக்கும்.

மூன்றாம் பாடம்: கேட்கும் முறை

கேட்க ஏன் கூச்சப்படுகிறோம்? திருக்குறளில் 106-ஆம் அதிகாரம் இரவு, அதாவது கேட்பது. அடுத்ததே இரவச்சம், கேட்க அஞ்சுவது. இரண்டையும் வள்ளுவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். மானத்தோடு கேட்க வேண்டும், தகுந்தவரிடம் கேட்க வேண்டும் என்பதுதான் எனக்கு அதில் புரிந்தது.

நாங்கள் பழகிக்கொண்ட பேச்சு இதுதான்:

"அங்கிள், நாங்க கிள்ளான்ல எஸ்பிஎம் பிள்ளைங்களுக்குச் சனிக்கிழமை இலவசமா வகுப்பு நடத்துறோம். மாசம் ஆயிரம் வெள்ளி செலவு. மாசம் பத்து வெள்ளி கொடுக்கிற நூறு பேரைத் தேடுறோம். அதுல நீங்க ஒருத்தரா இருக்க முடியுமா?"

அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் யோசிக்கட்டும். "இல்லப்பா" என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. பிள்ளைகளின் படத்தைப் போட்டு, "ஏழை மாணவர்கள்" என்று எழுதி இரக்கம் தேடாதீர்கள். நாளைக்கு அதே பிள்ளை அந்தக் கடைக்குச் சட்டை வாங்கப் போகும்.

நான்காம் பாடம்: பணம் கைக்கு வந்த பிறகு

1. எண் போட்ட ரசீதுப் புத்தகம் வேண்டும். ஐந்து வெள்ளிக்கும் ரசீது கிழியுங்கள்; அடிக்கட்டை நம்மிடம் இருக்கட்டும்.

2. பணத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த வேலை நாளில் வங்கியில் கட்டுங்கள்.

3. சங்கத்தின் பெயரில் கணக்கு வேண்டும். பணம் எடுக்க இருவர் கையெழுத்து கட்டாயம். டூயிட்நவ் கியூஆர் அட்டையில் பொருளாளரின் சொந்தப் பெயர் வரவே கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, அது அவரையும் காப்பாற்றும்.

4. உண்டியலோடு தெருவிலோ வீடு வீடாகவோ போவதற்கு முன் போலீஸ் உரிமம் தேவையா என்று பாருங்கள். இதற்கென்றே 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தைப்பூசத்தில் பத்துமலைக் கூட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டு இறங்கிவிடாதீர்கள்.

5. "வரி விலக்கு ரசீது உண்டா?" என்று கேட்பார்கள். 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புதான் அதைக் கொடுக்க முடியும். இல்லையென்றால், "இல்லீங்க ஐயா" என்று நேராகச் சொல்லுங்கள்.

6. சங்கப் பதிவிலாகாவில் பதிந்த சங்கம் என்றால், ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை போய்விட வேண்டும். அதில் பிசகினால் பதிவுக்கே ஆபத்து.

ஐந்தாம் பாடம்: திரும்பிப் போ

கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, முதலில் அந்தத் துணிக்கடைக்கே எடுத்துப் போனேன். கால் கூசியது. "ஐயா, உங்க நூறு வெள்ளியில பதின்மூணு வெள்ளிதான் பிள்ளைங்களுக்குப் போச்சு. மத்தது விருந்துச் செலவு. இனிமே அப்படி நடக்காது" என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு கல்லாவைத் திறந்து பத்து வெள்ளி எடுத்தார். "நூறு கிடையாது. மாசா மாசம் வா. வரும்போது இந்த மாதிரி பேப்பரும் கொண்டுவா. இதக் கல்லாப் பக்கத்துலயே ஒட்டிட்டுப் போ."

முதல் மாதம் 31 பேர் சேர்ந்தார்கள். ஆறாவது மாதம் 74. நூறை இன்னும் எட்டவில்லை. குறையும் பணத்தைத் தீபாவளி முறுக்கும் நெய் உருண்டையும் விற்ற காசில் சமாளிக்கிறோம். இடையில் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். விசாரித்தால், மூன்றாம் மாதக் கணக்கை நாங்கள் அனுப்ப மறந்தது அவர்களுக்குத்தான்! வேனில் வரும் ஒரு பிள்ளையின் அம்மா, தோட்டத்தில் வேலை செய்கிறவர், மாதம் ஐந்து வெள்ளியை மடித்துக் கையில் வைத்துவிட்டுப் போகிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். "எனக்கும் ரசீது குடு தம்பி" என்றார். அவருடைய ரசீதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் கவனமாகவே போகும்.

வகுப்பு நிற்கவில்லை. போன சனிக்கிழமையும் நடந்தது.

கிளைக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

உங்கள் கிளை கடைசியாக நடத்திய நிதி நிகழ்ச்சியை எடுங்கள். வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு, நூற்றில் எத்தனை வெள்ளி உரிய இடத்துக்குப் போனது? பலகையில் எல்லார் முன்னாலும் எழுதுங்கள்.

போன வருடம் கொடுத்தவர்களில் பத்துப் பேரின் பெயரை எழுதுங்கள். அவர்களுக்குக் கணக்குக் காட்டியாகிவிட்டதா? இல்லையென்றால் இந்த மாதம் யார் போவது என்று பெயர் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த முறை பணம் கேட்காதீர்கள். பேப்பரை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.