பொதுமக்கள் அலைவரிசை வானொலியும் ஏரியலும்

கைப்பேசிக் கோபுரங்களின் வீச்சு எட்டாத கிராமங்களிலும் வனப்பகுதிகளிலும் செய்தித் தொடர்புக்கு உதவும் எளிய சாதனங்களுள் பொதுமக்கள் அலைவரிசை வானொலி ஒன்றாகும். 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இவ்வலைவரிசையில், 5 வாட்டுக்கு மேற்படாத கருவிகளை உரிமமின்றி உபயோகிக்க மத்திய அரசு 2005-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. பிறருக்கு இடையூறு விளைவித்தல் ஆகாது. பிறரால் நேரும் இடையூற்றினின்று பாதுகாப்புக் கோரவும் இயலாது. மேலும், அனுப்பும் திறனைப் பெருக்கினால் நமது குரல் பிறருக்குக் கேட்குமேயன்றிப் பிறர் குரல் நமக்குத் தெளிவாகிவிடாது. தெளிவுபெற வேறு வழிகளையே நாடவேண்டும்.

ஆபத்துக் காலத்தில் இதன் அவசியம் புலனாகும். ஹைதராபாதில் 1983-இல் நிறுவப்பெற்ற தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று 2004 டிசம்பரில் அந்தமான் சென்றிருந்தது. அம்மாதம் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, குழுத்தலைவி பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து வானொலி வாயிலாகச் செய்திகளை அனுப்பினார். அமெச்சூர் வானொலிக்குத் தேர்வும் உரிமமும் உண்டு. அது வேறு வகை. ஆயினும், கருவி முன்னரே செம்மையாயிருத்தல் வேண்டுமென்பது இரண்டுக்கும் பொதுவான பாடம்.

இரைச்சலைக் களைதல்

வரும் அலை எவ்வளவு வலிமையுள்ளது என்பதினும், அது இரைச்சலை எவ்வளவு விஞ்சியுள்ளது என்பதே முக்கியம். முதலில் கருவியைப் பாட்டரியில் இயக்கி, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துக் கேட்கவேண்டும். இரைச்சல் குறைந்தால் அதன் பிறப்பிடம் வீட்டினுள்ளேயே உள்ளது. பின்னர் விளக்கு, மின்விசிறி, கைப்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக இயக்கிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். மலிவான எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும் பெரும்பாலும் காரணமாக இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்த பின்னும் இரைச்சல் தொடருமாயின், அண்டை வீட்டு மின்சாதனங்களையோ மின்கம்பத்தின் பழுதுற்ற இன்சுலேட்டரையோ ஐயுறலாம். மத்திய அலை டிரான்சிஸ்டர் வானொலியை நிலையங்களுக்கு இடைப்பட்ட இடத்தில் நிறுத்திக் கையிலேந்தி நடந்தால், இரைச்சல் மிகும் திசை புலப்படும். ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு ஒரு சோதனையாகவே செய்துகாட்டலாம்.

உயரமும் நிலமும்

27 மெகாஹெர்ட்ஸ் அலை, நில வளைவைத் தாண்டி வெகுதொலைவு வளைந்து செல்வதில்லை. ஏரியலின் உயரத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், வானொலித் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவிலுள்ளது என்பது கிடைக்கும். 3 மீட்டர் உயரத்தில் அது சுமார் 7 கிலோமீட்டர். 9 மீட்டரில் சுமார் 12. எதிர்முனை ஏரியலுக்கும் இவ்வாறே கணக்கிட்டு, இரண்டையும் கூட்டினால் இடைத்தூரம் கிடைக்கும். ஹைதராபாதைச் சுற்றியுள்ள நிலத்தில் கருங்கற் பாறைகளும் குன்றுகளும் மிகுதி. குன்றின் மறைவிலுள்ள வீட்டில் ஏரியலைச் சில மீட்டர் தள்ளி நட்டாலும் பயன் கிட்டக்கூடும். ஆகவே நிலையான இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் பல இடங்களில் கேட்டுப் பார்த்தல் நலம்.

ஏரியலின் அளவு

இவ்வலையின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர். அதன் கால் பங்கில் 5 சதவிகிதம் கழித்தால், சுமார் 2.64 மீட்டர் நீளமுள்ள செங்குத்துக் கம்பி பொருத்தமாகும். அதன் அடியில் அதே நீளமுள்ள நான்கு கம்பிகளைச் சாய்வாகக் கீழ்நோக்கி விரித்தால், அவை நிலத்தின் வேலையைச் செய்யும். மின்சாரத்தை நன்கு கடத்தாத வறண்ட பாறை நிலத்திற்கு இம்முறை ஏற்றது. பிற நிலையங்களும் பெரும்பாலும் செங்குத்து ஏரியலையே கொண்டிருப்பதால் கம்பியைப் படுக்கையாக அமைத்தல் கூடாது. இணைப்புக் கேபிள் 50 ஓம் வகையாகவும் இயன்றவரை குறுகியதாகவும் இருக்கட்டும். மெல்லிய கேபிள் 30 மீட்டர் நீண்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட திறன் அதிலேயே வீணாகும். இணைப்புகளில் மழைநீர் புகாமல் நாடா சுற்றவேண்டும். இத்தகைய வெளி ஏரியல் கொண்டு பேசுவதற்கு முன், தொலைத்தொடர்புத் துறையின் நடப்பு விதிகளை அறிதல் கடமை.

பாதுகாப்பு

ஏரியல் கம்பம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாதபடி, அதன் முழு உயரத்தினும் மிகுந்த தூரத்தில் நடவேண்டும். கம்பத்தை நன்கு எர்த் செய்தல் வேண்டும். இடிமழை நெருங்குமுன்பே கேபிளைக் கழற்றி வீட்டிற்கு வெளியே விடுதல் வேண்டும். இடி முழங்கத் தொடங்கிய பின் அதனைத் தொடலாகாது.

சூரியனில் கரும்புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் அயனமண்டலம் இவ்வலைகளைத் திருப்பியனுப்புவதால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள குரல்களும் திடீரென இடையே புகுவதுண்டு. அது கருவியின் பழுதன்று. நேரம் மாறினால் நீங்கிவிடும். ஒவ்வொரு மாற்றத்திற்கும் முன்னும் பின்னும் ஒரே நிலையத்தை ஒரே வேளையில் கேட்டு, நாள், நேரம், தெளிவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிந்து வந்தால், எம்மாற்றம் உண்மையில் பயன் தந்தது என்பது ஐயமின்றி விளங்கும்.